டிகாஷன் இறங்க மறுத்தால்

காலையில் பில்டரைத் தட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் தவறு பெரும்பாலும் பொடியை அழுத்தியதில்தான். மேல் டப்பாவில் பொடியைச் சமமாகப் பரப்பி, குடையை மெல்ல வைத்தால் போதும். கொதித்து அடங்கிய நீரைப் பொடி நனையும் அளவுக்கு ஊற்றி, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றலாம். டிகாஷன் இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆகும். அவசரக்காரர்கள் இரவே போட்டுவைப்பது உத்தமம்.

மறுபடி கொதிக்கவிட்ட டிகாஷன் கசக்கும். பாலைத்தான் சூடாக்க வேண்டும்.

ஆறிய டிகாஷனில் குளிர்ந்த பால், சர்க்கரை, ஐஸ் சேர்த்துக் குலுக்கினால் கோல்டு காபி.

சுக்கு காபியில் பெயரைத் தவிர காபியே கிடையாது! இடித்த சுக்கு, மல்லி, கொஞ்சம் மிளகு, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைப்பதுதான். கருப்பட்டியில் மண் இருக்கும். தனியே கரைத்து வடிகட்டிச் சேர்ப்பது நல்லது.