பல்கலைக்கழக விண்ணப்பம்: பெற்றோர் எதுவரை உதவலாம்?



பல வருடங்கள் முகாமிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டு, மயிலிட்டியிலோ தெல்லிப்பழையிலோ சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பத்தில் ஒரு பிள்ளை க.பொ.த. உயர்தரம் சித்தியடைவது சின்ன விடயமல்ல. அடுத்த படி விண்ணப்பம். சில வீடுகளில் அதைப் பெற்றோரே முடிவுசெய்து நிரப்புகிறார்கள். வேறு சில வீடுகளில் "எங்களுக்கு இது விளங்காது, நீயே பார்" என்று பிள்ளையிடம் விட்டுவிடுகிறார்கள். இரண்டினாலும் இழப்பு பிள்ளைக்குத்தான். எதில் கை கொடுக்க வேண்டும், எதில் கையை எடுக்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. முறையை நீங்களும் அறிந்திருங்கள்

அரச பல்கலைக்கழக அனுமதியை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நடத்துகிறது. தெரிவு இசட் புள்ளியின்படி நடக்கும். பெரும்பாலான பாடநெறிகளில் நீண்டகாலமாக 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டு வருகின்றன. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் அந்த 16இல் அடங்கும்.

ஆகவே பிள்ளை எந்த மாவட்டத்துக்குரியவர் என்பது முக்கியம். வன்னியில் படித்துவிட்டு இடையில் யாழ்ப்பாணப் பாடசாலைக்கு மாறிய பிள்ளை என்றால், ஆணைக்குழுவின் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். சந்தேகம் இருந்தால் அதிபரிடம் கேளுங்கள்.

2. உங்கள் கையில் உள்ள வேலை

ஆவணங்கள் உங்கள் பொறுப்பு. இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்பைப் பதிந்த பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலைப் பதிவு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல் திருத்துங்கள்.

மகாபொல புலமைப்பரிசிலுக்கும் உதவிப்பணத்துக்கும் குடும்ப வருமானம் பார்க்கப்படும். வருமான விபரத்தை மறைக்காமல், கூட்டிக் குறைக்காமல் கொடுங்கள். கிராம அலுவலரிடம் போய்வருவதும் உங்கள் வேலையே.

கொமினிகேஷன் கடையில் விண்ணப்பம் நிரப்பினால் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் பிள்ளையுடையதாக இருக்கட்டும். கடைக்காரரின் இலக்கத்தைக் கொடுத்தால் அறிவித்தல் அவருக்குத்தான் போகும். கடவுச்சொல்லையும் கடையில் விட்டுவர வேண்டாம்.

3. பிள்ளையின் கையில் விடவேண்டியது

பாடநெறிகளை எந்த ஒழுங்கில் எழுதுவது என்பது பிள்ளையின் தீர்மானம். முதல் விருப்பத்துக்குப் புள்ளி போதாவிட்டால் அடுத்தது பார்க்கப்படும். விருப்பமான பாடநெறியை மேலே எழுதியதால் கீழே உள்ளது பறிபோகாது. வெட்டுப்புள்ளி ஆண்டுதோறும் மாறுவதால், "போன வருடம் கூட இருந்தது" என்று சொல்லி ஒன்றை வெட்டிவிடவும் வேண்டாம்.

பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பப் பயம் இருக்கலாம். அந்தப் பயம் காரணமில்லாததல்ல. ஆனால் பேராதனையையும் ருகுணுவையும் நீங்களே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், கிடைத்திருக்கக்கூடிய இடம் கிடைக்காமல் போகலாம். பயத்தைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விடுதி வசதியை விசாரியுங்கள். அங்கே படிக்கும் ஊர்ப் பிள்ளைகளோடு பேச வையுங்கள். அதன் பிறகு பிள்ளை முடிவெடுக்கட்டும். விருப்பமில்லாத பாடநெறியில் நான்கு வருடம் இருக்கப்போவது நீங்களல்ல. பதிவுசெய்த பிறகு மாறுவதும் இலகுவல்ல.

4. இடம் கிடைக்காவிட்டால்

உயர்தரம் சித்தியடைந்த எல்லோருக்கும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. அது பிள்ளையின் தோல்வி அல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை வரை பரீட்சை எழுதலாம். கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி, யாழ்ப்பாணத்தில் உயர் தொழினுட்பவியல் நிறுவனம், திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம், கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகியன உள்ளன. இவற்றைப் பெறுபேறு வருமுன்பே வீட்டில் பேசி வைத்தால், பிறகு அவை ஆறுதல் பரிசாகத் தோன்றாது.

வீட்டில் பேசுவதற்கு

• விண்ணப்பத்துக்குத் தேவையான ஆவணங்களில் எங்களிடம் இல்லாதது எது? யார், எப்போது எடுப்பது?

• பிள்ளையின் முதல் மூன்று விருப்பங்கள் எவை? காரணத்தைப் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை நாங்கள் குறுக்கிடாமல் கேட்டோமா?

• தூரம், செலவு, பாதுகாப்பு: இவற்றில் எங்களை அதிகம் பயப்படுத்துவது எது? அதைப்பற்றி யாரிடம் விசாரிக்கலாம்?