பெட்டி கட்டும் மருமகனுக்கு

கண்ணு, உனக்கு ஊழிய அழைப்பு வந்திருக்கிற பிலிப்பைன்ஸில்தான் மாமாவும் உன் வயதில் 'எல்டர்' என்ற கறுப்புப் பெயர்ப்பட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் வளர்ந்த பிள்ளை நீ. ஊழியம் ஆண்பிள்ளைக்கு 2 வருஷம், பெண்பிள்ளைக்கு 18 மாதம் என்பது உனக்குத் தெரியும். ஊர் நம்மை மார்மன் என்று கூப்பிடுவதும் தெரியும். காலையில் ஆறரைக்கு எழுவது, ராத்திரி பத்தரைக்குப் படுப்பது, கூட ஊழியம் செய்யும் தோழனை விட்டுப் பிரியாமல் இருப்பது இதெல்லாம் பயிற்சி மையத்தில் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித்தராத ஒன்று உண்டு. கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடுதான் எல்லாப் பிள்ளைகளும் விமானம் ஏறுகிறார்கள். போன இடத்தில் முதலில் படிக்க வேண்டியிருப்பது வாங்கிக்கொள்வதை. நன்றியும் விசுவாசமும் எனக்கு அந்த வழியாகத்தான் வந்தன. அதனால் அதைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்வேன்.

1. வீட்டு நினைப்பு வரும். வெட்கப்படாதே, ஒளிக்காதே. 1933-ல் கார்டன் பி. ஹிங்க்லி என்ற இளைஞர் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு ஊழியம் போனார். உலகமெங்கும் பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம் அது. அம்மாவை இழந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. பிரெஸ்டன் என்ற ஊரில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது, தெருவில் நின்று பேசினால் காதுகொடுக்க ஆளில்லை. உங்கள் பணமும் என் நாட்களும் வீணாகின்றன என்று அப்பாவுக்கு எழுதினார். உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார் என்பதுபோல இரண்டு வரியில் பதில் வந்தது. அறைக்குள் போய் முழங்காலில் நின்றார், எழுந்து வேலையைப் பார்த்தார். அதே மனிதர்தான் 1961 ஏப்ரலில் மணிலாவில், போரில் மடிந்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில் நின்று ஜெபித்து, பிலிப்பைன்ஸ் ஊழியத்தைத் தொடங்கிவைத்தார். அன்று அங்கே கூடியவர்களில் அந்த நாட்டுச் சபையார் ஒரே ஒருவர். 1984-ல் மணிலா ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தவரும் அவரே. 1995-ல் சபையின் தலைவரானார். நீ போகிற ஊழியத்தின் தொடக்கத்தில், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கலங்கிய ஒரு பையன் இருக்கிறான் என்பதை நினைவில் வை. மனம் கலங்கும் நாளில் அறையைப் பெருக்கு. தோழனின் சட்டையையும் சேர்த்துத் துவை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நாலு குடம் தண்ணீர் அடித்துக் கொடு. துக்கம் அன்றே போய்விடும் என்று சொல்லமாட்டேன். கை வேலையாக இருந்தால் அது கொஞ்சம் தள்ளி நிற்கும்.

2. சாப்பிடக் கூப்பிட்டால் உட்கார். அந்த நாட்டில் யார் வீட்டைக் கடந்தாலும், உள்ளே தட்டோடு இருப்பவர்கள் "வாங்க, சாப்பிடலாம்" என்று குரல் கொடுப்பார்கள். கேசோன் மாகாணத்தில், தென்னந்தோப்புக்குள் நிப்பா ஓலை வேய்ந்த ஒரு வீட்டுக்கு நாங்கள் பாடம் சொல்லப் போய்க்கொண்டிருந்தோம். தேங்காய் உரித்துக் கூலி வாங்கும் குடும்பம். ஒரு நாள் திரும்பப் புறப்படும்போது அந்த அம்மா எங்களைப் பிடித்து உட்காரவைத்தார். இஞ்சி தட்டிப்போட்டு, பப்பாளிக்காயும் முருங்கைக்கீரையும் சேர்த்துக் காய்ச்சிய கோழிச்சாறு. கோழிக்கறியெல்லாம் எங்கள் இரண்டு தட்டிலும் இருந்தது. பிள்ளைகள் தட்டில் சாறும் கீரையும் மட்டும். முந்தின வாரம் வரை முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரே கோழி அது என்பது எனக்குத் தெரியும். எப்படித் தொண்டையில் இறங்கும்? என் தோழன் இலோகோஸ் பக்கத்துப் பையன், ஏழை வீட்டிலிருந்து வந்தவன். அவன் நிறுத்தி நிதானமாகச் சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டான், கடைசிப் பிள்ளையை மடியில் வைத்து ஒரு துண்டு கறியை ஊட்டினான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொல்லைக்குப் போய் விறகு பிளந்தான். வழியில் என்னிடம் சொன்னான்: "அவங்க கர்த்தருக்குக் கொடுக்கறாங்க. நடுவுல நீ யாரு கையைப் பிடிச்சு நிறுத்தறதுக்கு?" உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதன் கனம் எனக்கு அந்தத் தோப்பில்தான் புரிந்தது. ஏழையின் கையிலிருந்து தலைநிமிர்ந்து வாங்கவும் தெரிய வேண்டும், கண்ணு. இரக்கப்பட்டு மறுப்பவன் அவர்களை இன்னும் ஏழையாக்கிவிட்டுப் போகிறான்.

3. காபி கொடுப்பார்கள். நம் சபையில் அது குடிப்பதில்லை என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்லி, ஒரு தம்ளர் தண்ணீரோ கலமன்சிச் சாறோ கேட்டு வாங்கிக் குடி. காபியை மறுத்தவன் அந்த வீட்டாரையே மறுத்ததுபோல் ஆகிவிடக் கூடாது.

4. தோழனை நீ தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். யாரோடு இருக்கச் சொல்கிறார்களோ அவரோடு ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே தெரு. உன்னைவிட வேகமாக நடப்பவன் வருவான், வாயே திறக்காதவன் வருவான், எதற்கெடுத்தாலும் பேசுகிறவனும் வருவான். எனக்கு டோங்கா தீவுக்காரர் ஒருவர் வாய்த்தார். பகலெல்லாம் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ராத்திரி நான் படுத்தபிறகு இரண்டு ஜோடி ஷூவையும் வாசற்படியில் வைத்து, சேறு சுரண்டி, மை போட்டுத் தேய்ப்பார். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, என்னையும் பேச விட்டதில்லை. வேதத்தில் எனக்கு அவரைவிட அதிக வசனம் மனப்பாடம். ஆனால் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தது அவர் முகத்தைப் பார்த்து.

கோபம் வந்த நாளில் ராத்திரி ஜெபத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே முழங்காலில் நில்லுங்கள். அவனுக்காக நீ வாய்விட்டு ஜெபி, உனக்காக அவன் ஜெபிக்கட்டும். மனதில் கசப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவனுக்கு நன்மை கேட்டுப் பார், வார்த்தை வராது. கசப்பை இறக்கிவைத்தால்தான் வரும். பல நாள் எங்கள் சமாதானம் அந்த முழங்காலில்தான் நடந்தது.

5. எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று ஊரில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை உனக்கு நீயே கேட்டுக்கொண்டு திரியாதே. நம் மெட்ராஸுக்கு வந்த ஒரு ஊழியக்காரரின் கதை சொல்கிறேன். ரிச்சர்ட் பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறி, 1849 டிசம்பரில் தன் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி ஞாயிறு பள்ளி தொடங்கினார். 1852 ஆகஸ்டில் நடந்த மாநாட்டில் இந்தியாவுக்குப் போகும்படி அவருக்கு அழைப்பு வந்தது. மனைவி மக்களை விட்டுவிட்டு, கையில் காசு சேர்த்துக்கொள்ளாமல் புறப்பட்டார். 1853 தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, ஏப்ரலில் கல்கத்தா. அங்கிருந்து புயலில் சிக்கிய இன்னொரு கப்பலில் ஜூலையில் மெட்ராஸ். ஏறக்குறைய ஒரு வருஷம் இங்கே இருந்தார். பிரசுரங்கள் அச்சடித்தார், வீடு வீடாக ஏறி இறங்கினார். சபையில் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். 1854-ல் கப்பலேறிப் போய்விட்டார், அதற்குப் பிறகு மெட்ராஸில் நம் சபை என்று சொல்லிக்கொள்ள வெகுகாலத்துக்கு எதுவும் இல்லை.

எண்ணிக்கையை வைத்துப் பார்க்கிறவர்கள் அந்த வருஷத்தை வீண் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் இந்த மண்ணில் எங்கோ அவர் முழங்காலிட்டு நம் ஊர்ப் பெயரைச் சொல்லி ஜெபித்திருப்பார் என்ற நினைப்பு வரும். நம் தாத்தாவுக்குத் தாத்தா பிறந்த காலத்தில் யாரோ ஒரு அந்நியர் நமக்காகக் கடல் கடந்திருக்கிறார். அவர் வீட்டு அறையில் பிறந்த அந்த ஞாயிறு பள்ளி இன்று நம் சபை இருக்கும் எல்லா நாட்டிலும் நடக்கிறது, நீ உட்கார்ந்து படித்ததும் அதில்தான். எது எங்கே பலன் கொடுக்கும் என்று கணக்குப் போடுவது நம் வேலை அல்ல. போன வீட்டில் உண்மையாக இருந்தோமா என்று மட்டும் ராத்திரி பார்த்துக்கொள்.

6. அது கத்தோலிக்க நாடு. மாதா சுரூபமும் குழந்தை இயேசுவின் சுரூபமும் இருக்கும் பீடத்துக்குப் பக்கத்திலேயே உனக்கு நாற்காலி போடுவார்கள். அவர்கள் விசுவாசத்தைக் குறைத்து ஒரு வார்த்தை பேசாதே, முகத்திலும் காட்டாதே. வீட்டில் மூத்தவர்களின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துப் பிள்ளைகள் ஆசி வாங்குவார்கள். நீயும் அப்படியே வாங்கு. உன் செய்தி வேண்டாம் என்று சொன்ன பாட்டியிடமும் வாங்கு.

7. விசுவாசம் உனக்கு எப்போது வரும் என்று கேட்டாய். சாட்சி சொல்லும் கூட்டத்தில் மற்றவர்கள் "எனக்குத் தெரியும்" என்று அழுத்திச் சொல்லும்போது, எனக்கு அப்படித் தெரியவில்லையே என்று தவித்ததாகச் சொன்னாய். தவிக்கட்டும், தப்பில்லை. தெரியாததைத் தெரியும் என்று மட்டும் சொல்லாதே. நம்புகிறேன் என்றோ, நம்ப ஆசைப்படுகிறேன் என்றோ சொல். கர்த்தர் அதையும் ஏற்றுக்கொள்கிறவர்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சூறாவளி ராத்திரி முழுவதும் அடித்து ஓய்ந்திருந்தது. அந்த வாரமே மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாச நாள். எங்கள் கூட்டத்தில் மீன் விற்கும் ஒரு விதவை அம்மா இருந்தார். வீட்டுத் தகரக் கூரையில் பாதி பறந்துவிட்டது, மீதியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். அவர் எழுந்து வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் இடுக்கில் செதில் ஒட்டியிருந்தது. பாதிக் கூரை நின்றதற்கு ஸ்தோத்திரம் என்றார். அரிசிப் பானை நனையாததற்கு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாததற்கு, கட்டிக்கொடுக்க வந்த பையன்களுக்கு. ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். எதையும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டு வேளை சாப்பிடாமல் மிச்சப்படுத்திய காசை உறையில் போட்டு, தன்னைவிட இல்லாதவர்களுக்கு என்று சபைத் தலைவர் கையில் கொடுத்தார்.

அதுவரை எனக்குக் கேட்கத்தான் தெரியும். பாஷை வர வேண்டும், கதவு திறக்க வேண்டும், வெயில் தணிய வேண்டும் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அந்த ராத்திரி முதல்முறையாக எதையும் கேட்காமல் ஜெபித்தேன். ஆட்களின் பெயரை மட்டும் சொல்லிச் சொல்லி நன்றி சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பது நெஞ்சில் உறுதியானது. குரல் கேட்கவில்லை, ஒளி தெரியவில்லை. அன்று பிடித்தது இன்றுவரை விடவில்லை. ஆகையால் மாமாவுக்கு நன்றிதான் முதலில் வந்தது, விசுவாசம் அதன் பின்னால் நடந்து வந்தது. ஜெபத்தில் நீயும் நன்றியில் ஆரம்பி. நாட்குறிப்பில் உன் மனநிலையை எழுதுவதோடு, அன்று உனக்கு யார் என்ன செய்தார்கள் என்பதைப் பெயரோடு எழுது.

8. பாஷையைப் பெரியவர்களிடம் கற்க வெட்கமாக இருந்தால் குழந்தைகளிடம் கற்றுக்கொள். பத்துத் தடவை கேட்டாலும் சலிக்காமல் திருத்துவார்கள்.

9. உன் ஊழியத்துக்கு நீ சேர்த்ததும் அப்பா கொடுப்பதும் போக, உனக்கு முகமே தெரியாத சபையாரின் காணிக்கையும் செலவாகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. நல்ல ஷூ வாங்கு, குடை வாங்கு, அதோடு போதும்.

10. எங்கள் காலத்தில் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் வீட்டோடு பேச முடியும். 2019 முதல் வாரம் ஒருமுறை பேசலாம் என்று விதி மாறிவிட்டது. உன் அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். துணி துவைக்கும் நாளில் பேசும்போது நன்றாக இருக்கிறேன் என்ற ஒரே வார்த்தையோடு முடித்துவிடாதே. என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தார்கள், அந்த அம்மாவின் பெயர் என்ன என்று சொல். தன் பிள்ளைக்கு இன்னொரு தாய் சோறு போடுகிறாள் என்று தெரிந்தால் அவள் தூங்குவாள். அந்தப் பெயரைத் தன் ஜெபத்திலும் சேர்த்துக்கொள்வாள்.

11. திரும்பி வந்ததும் பெயர்ப்பட்டையைக் கழற்றச் சொல்வார்கள். நெஞ்சு காலியானதுபோல இருக்கும். ஊரில் எல்லாரும் தங்கள் வேலையில் இருப்பார்கள், உன் கதையைக் கேட்க ஒரு வாரத்துக்கு மேல் யாருக்கும் பொழுது இருக்காது. அதற்காக மனம் நோகாதே. வந்த முதல் ஞாயிறே கூட்டத்துக்குப் போ. புதிதாக வந்து, பாட்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் புரட்டிக்கொண்டிருப்பவர் யாராவது கடைசி வரிசையில் இருப்பார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பக்கத்தை எடுத்துக் கொடு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா, அத்தையிடம் நான் சொல்லிவைக்கிறேன்.