பொத்தானுக்குப் பின்னே நடப்பது

கணிப்பொறித் திரையில் ஒரு பொத்தானை அழுத்துகிறோம், வேலை முடிந்துவிடுகிறது. பல செயலிகளில் அந்தப் பொத்தானுக்குப் பின்னே ஒரு சிறு பேட்ச் கோப்பு இருப்பதைப் பயன்படுத்துவோர் அறியார். ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற வேண்டிய கட்டளைகளை வரிவரியாக எழுதிவைத்த சாதாரண உரைக்கோப்பே அது. கறுப்புச் சாளரம் தோன்றாமல் அதை ஓட்டுவது எப்படி, அவ்வாறு ஓட்டும்போது எதை மறைக்கக்கூடாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'பேட்ச்' என்ற சொல் துளையட்டைக் காலத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி நிறுவப்பட்டது. அக்காலப் பெரிய கணிப்பொறிகளுக்கு, நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவார்கள். பலருடைய கட்டுகள் தொகுதியாக ஓடும். எழுதியவர் அருகில் இருப்பதில்லை. ஆயினும் பின்னர் அவர் கைக்கு ஓர் அச்சுத்தாள் வரும். விடையோ பிழையோ அதில் இருக்கும். ஆள் இல்லாமல் ஓடியதே தவிர, செய்தி இல்லாமல் ஓடவில்லை. இவ்வேறுபாட்டை நண்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

விண்டோஸில் சாளரத்தை மறைப்பது எளிது. டாட்நெட்டில் 'பிராசஸ்' என்ற வகுப்பு உண்டு. அதைத் தொடங்குமுன் 'கிரியேட் நோ விண்டோ' என்பதை 'ஆம்' என்றும், 'யூஸ் ஷெல் எக்ஸிகியூட்' என்பதை 'இல்லை' என்றும் அமைக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் முதலாவது பயன்படாது. சாளரம் வந்தே தீரும். பழைய விஷுவல் பேசிக்கின் 'ஷெல்' கட்டளையும் சாளரத்தை மறைக்கும். ஆனால் வேலை முடியும்வரை அது காத்திருப்பதில்லை.

இதோடு நிறுத்திக்கொள்வோர் பலர். அதன் விளைவை மேட்டூரில் நான் மாலைவேளைகளில் உதவிக்குச் செல்லும் ஒரு கணினி மையத்தில் கண்டேன். உதவித்தொகை விண்ணப்பங்களுக்காகச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வைப்பது அங்கே அன்றாட வேலை. கடையடைக்குமுன் உரிமையாளர் அண்ணன் 'நகல்' என்ற பொத்தானை அழுத்துவார். முன்பு யாரோ எழுதிக்கொடுத்த செயலி, அன்றைய கோப்புகளைப் பென்டிரைவுக்கு அனுப்பும். கறுப்புத் திரை மின்னி மறைவதைக் கண்டு வைரஸ் என்று வாடிக்கையாளர் அஞ்சியதால் அதை மறைத்திருந்தார்கள். ஒருநாள் வன்தட்டு பழுதாயிற்று. பென்டிரைவைத் திறந்தால் கடைசி மூன்று வாரக் கோப்புகள் அதில் இல்லை. இடம் எப்போதோ நிறைந்துவிட்டது. வட்டில் இடமில்லை என்று கணிப்பொறி ஒவ்வோர் இரவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதைக் காட்டச் சாளரந்தான் இல்லை. கடைசித் தேதி நெருங்கிய நேரத்தில் பிள்ளைகள் மறுபடியும் சான்றிதழ்களோடு வந்தார்கள். பாலமலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் அவர்களில் உண்டு.

இதற்குப் பரிகாரம் என்ன? பேட்ச் கோப்பு முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. இதை வெளியேற்றக் குறியீடு எனலாம். 0 என்றால் பொதுவாக வெற்றி. செயலி, வேலை முடியும்வரை காத்திருந்து இவ்வெண்ணைப் படித்து, 'நகல் எடுக்கப்பட்டது' அல்லது 'எடுக்கப்படவில்லை' என்று தமிழிலேயே காட்டலாம். ஆனால் நடுவரி தோற்றுக் கடைசி வரி வென்றால் 0-தான் வரும். ஆகையால் முக்கியமான ஒவ்வொரு வரிக்கும் பின்னே 'இஃப் எரர்லெவல் 1' என்று சோதித்து அங்கேயே வெளியேற வேண்டும்.

'பாஸ்' என்ற கட்டளை கோப்பில் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சாளரம், யாரும் அழுத்தமுடியாத விசைக்காகக் காத்துக்கிடக்கும்! வெளியீட்டைச் செயலிக்குத் திருப்பினால் அதை உடனுக்குடன் படித்துவிட வேண்டும். படிக்காவிட்டால் இடைத்தேக்கம் நிரம்பிப் பேட்ச் கோப்பு பாதியில் நின்றுவிடும். மதகு திறவாத வாய்க்கால் போலத்தான்.

'ரோபோகாப்பி' பயன்படுத்துவோருக்கு மட்டும் ஒரு செய்தி. அது 1 என்ற எண்ணைத் தந்தால் கோப்புகள் ஒழுங்காக நகலாயின என்றே பொருள். 8-ம் அதற்கு மேலும்தான் தோல்வி. அங்கே மேற்சொன்ன சோதனையை 1-க்குப் பதிலாக 8 என்று எழுத வேண்டும்.