நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் பூஞ்சைத் தொற்றும்

இட்லி மாவைப் புளிக்க வைப்பது ஓர் உயிர் மட்டும் அன்று. பாக்டீரியாக்களும் ஈஸ்ட் என்னும் பூஞ்சையும் அதில் சேர்ந்தே வாழ்கின்றன. நம் வாய், குடல், தோல், பெண்களின் பிறப்புறுப்பு ஆகியவற்றிலும் இவ்விரு வகை உயிர்களும் உடனுறைகின்றன. குடலில் பாக்டீரியாக்களே மிகுதி. அவை இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டும், அமிலங்களைச் சுரந்தும், கேண்டிடா போன்ற பூஞ்சைகள் அளவு மீறிப் பெருகாமல் தடுக்கின்றன.

ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி பாக்டீரியாக்களை ஒடுக்கும் மருந்து. நோய் தரும் பாக்டீரியாவோடு நன்மை செய்வனவும் அதனால் அழிகின்றன, பூஞ்சையோ தப்பிவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்கள் இதை எளிதில் உணர்வர். பயிர் அடர்ந்த வயலில் களைக்கு இடமில்லை. பயிர் அழிந்த திட்டில் முதலில் முளைப்பது களையே.

இது புதிய செய்தியன்று. 1940களில் நுண்ணுயிர்க்கொல்லிகளின் பயன்பாடு பெருகியபோதே பூஞ்சைத் தொற்றுகளும் மருத்துவர்களின் கவனத்திற்கு வந்தன. 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு அமெரிக்க அறிவியலாளர்கள் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கண்டறிந்து அறிவித்தனர். அது இன்றும் பயன்படுகிறது.

மருந்து உண்ணும் நாள்களிலோ அதற்குப் பின்னரோ நாக்கிலும் உள்கன்னத்திலும் வெண்படலம், விழுங்கும்போது வலி, பிறப்புறுப்பில் அரிப்பு, தயிர்த்திரள் போன்ற வெள்ளைப்படுதல் ஆகியன தோன்றினால் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். நீரிழிவு உள்ளோர், கருவுற்றோர், ஸ்டீராய்டு மருந்து எடுப்போர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் நீராகப் பேதியானாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு வருக. பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக விழுங்க வேண்டா.

ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறுவோர், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிக்கொள்வதை நாம் அறிவோம். அவர்தம் இடர்ப்பாடும் நமக்குப் புரிகிறது. ஆயினும் சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருவன. அவற்றை நுண்ணுயிர்க்கொல்லி தீர்க்காது. நன்மை செய்யும் பாக்டீரியாவை மட்டுமே அது அழிக்கும். கம்பம், போடிநாயக்கனூர், பெரியகுளம் அரசு மருத்துவமனைகளிலும் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டின்றி உண்ணத்தகாதது என்று பொருள்.

இதனால் தேவையான மருந்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. நிமோனியா போன்ற நோய்களில் அது உயிர் காக்கும். அளவையும் நாள்களையும் மருத்துவர் கூறியவாறே பின்பற்றுக. தொல்லை தோன்றினால் கேளாமல் நிறுத்தற்க. எஞ்சிய மாத்திரையைப் பிறருக்குத் தரற்க. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்போர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றித் தூய்மை செய்க. தயிர் நல்ல உணவே. ஆனால் பூஞ்சைத் தொற்றுக்கு அது மருந்தாகாது. சில மாத்திரைகளைப் பாலுடனோ தயிருடனோ சேர்த்து உண்ணலாகாது. மருந்து வாங்கும்போதே அதைக் கேட்டறிக.

நோயாளியைப் பேணும் உறவினர்க்கு ஒரு வேண்டுகோள்: பெரியவர் உணவை மறுத்தால், பசியின்மை என்று விட்டுவிடாமல் வெளிச்சத்தில் அவர் வாயைத் திறந்து பாருங்கள். வெண்படலம் முதலில் தென்படுவது உங்கள் கண்ணுக்கே.