பழைய லாரிக்கு ஒரு நோட்டு

பாலக்காட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை வழி விடுகிறது. அந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூரிலிருந்து வாளையார் வழியாக லாரிகள் அதன் ஊடே வருகின்றன. பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் கோடையில் வெயில், காற்று, தூசி மூன்றும் உண்டு.

இடுக்கிப் பக்கம் அப்படி அல்ல. கம்பத்திலிருந்து குமுளிக்கு மலை ஏற வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். காய்கறி மேலே போகிறது. ஏலக்காய் கீழே வருகிறது.

பழைய லாரி வழியில் நின்றால் என்ன ஆகும்? காய்கறி வாடும். வாடகை போகும். எஞ்சினைப் பிரித்தால் பெரிய செலவு. கடன் தவணை காத்திருக்காது.

எஞ்சின் திடீரென்று கெடுவது அரிது. பெரும்பாலும் முன்னாலேயே அறிகுறி காட்டும். அதைக் கவனிக்க வேண்டும். கவனித்ததை எழுதி வைக்க வேண்டும்.

டீசல் என்பது ஒருவர் பெயர்

ருடால்ஃப் டீசல் என்பவர் ஜெர்மனியில் வேலை செய்த பொறியாளர். 1897-ல் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. அவர் பெயரே எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் வந்தது.

இந்த எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றை இறுக்கி அழுத்துகிறது. காற்று கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே எரிகிறது.

எனவே டீசல் எஞ்சினுக்குச் சுத்தமான காற்று வேண்டும். சுத்தமான டீசல் வேண்டும். தேய்மானத்தைத் தடுக்க ஆயில் வேண்டும். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும்.

காலையில் பத்து நிமிடம்

வண்டியைக் கிளப்பும் முன் இவற்றைப் பாருங்கள்.

ஆயில்: வண்டி சமமான இடத்தில் நிற்க வேண்டும். அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல். கூடினாலும் கெடுதல்.

தண்ணீர்: எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட் விரிசல் விடும். ஓடைத் தண்ணீரில் மண் இருக்கும். அது ரேடியேட்டரை அடைக்கும். சுத்தமான தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவது நல்லது.

டீசல்: ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை இறக்குங்கள். தண்ணீர் போனால் பம்பும் நாசிலும் கெடும்.

காற்று: தூசிச் சாலையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். காகித ஃபில்டர் கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். உள்ளே போகும் தூசி உப்புத்தாள் போல லைனரைத் தேய்த்துவிடும்.

கறுத்த ஆயில் கெட்டதா?

கிளீனர்: அண்ணே, போன வாரம்தான் ஆயில் மாத்தினோம். அதுக்குள்ள கறுத்துப் போச்சே!

டிரைவர்: டீசல் எஞ்சின்ல ஆயில் கறுக்கத்தான் செய்யும், தம்பி. புகைக்கரியை அது கழுவி எடுக்குது. கறுப்பைப் பார்த்துப் பயப்படாதே.

கிளீனர்: அப்போ எதைப் பார்த்துப் பயப்படணும்?

டிரைவர்: பால் கலந்த டீ மாதிரி இருந்தா ஆயில்ல தண்ணி இறங்கியிருக்கு. ஊத்தாமலே அளவு ஏறினா டீசலோ தண்ணியோ கலந்திருக்கு. அப்போ வண்டியை எடுக்கக் கூடாது. மெக்கானிக்கைக் கூப்பிடணும்.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை: காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்க்க வேண்டும்.

நீலப் புகை: ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரலாம். சூடான பிறகும் நிற்காவிட்டால் கோளாறு. டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்தில் எஞ்சின் திணறும் வரை காத்திருக்காதீர்கள். முன்னதாகவே கியரைக் குறையுங்கள். சூட்டு முள் சிவப்பை நெருங்கினால் ஓரமாக நிறுத்துங்கள்.

இறக்கத்தில் சிலர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். இது ஆபத்து. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். டீசலும் மிச்சம் ஆகாது. கியரில் இறங்கி ஆக்சிலரேட்டரை விட்டால், பம்ப் டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் எஞ்சின் ஓட டீசல் செலவாகிறது. எந்தக் கியரில் ஏறினோமோ, அதே கியரில் இறங்குவது பழைய டிரைவர்களின் வழக்கம்.

டர்போ உள்ள வண்டியா? மலை ஏறி வந்ததும் உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

எழுதி வைப்போம்

இந்த மாதம் எவ்வளவு ஆயில் ஊற்றினோம்? போன மாதம் எவ்வளவு? மனத்தில் நிற்காது. நோட்டில் நிற்கும். போன மாதம் 1 லிட்டர், இந்த மாதம் 3 லிட்டர் என்று இருந்தால், எங்கோ கோளாறு என்று தெரியும். செலவு சிறிதாக இருக்கும்போதே சரிசெய்யலாம். டிரைவர் மாறினாலும் நோட்டு வண்டியிலேயே இருக்கும். அடுத்தவர் படித்துத் தெரிந்துகொள்வார்.

நோட்டில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, என்ன செலவு.

பயிற்சி

1. ஒரு லாரிக்கு 84,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார்கள். 9,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அந்த வண்டியின் கையேட்டில் உள்ளது. அடுத்து எப்போது மாற்ற வேண்டும்?

2. அந்த லாரி ஒரு நடைக்குப் போய்வர 150 கிலோமீட்டர் ஓடுகிறது. எத்தனை நடைக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும்?

3. உங்கள் ஊரில் ஓடும் ஒரு லாரியின் புகையைக் கவனியுங்கள். என்ன நிறம்? காரணம் என்னவாக இருக்கலாம்? இரண்டு வரி எழுதுங்கள்.

விடை: 1. 93,000 கிலோமீட்டரில். 2. 60 நடைக்கு ஒருமுறை.