உறைந்து நிற்கும் கணினி: பதறாமல் செய்ய வேண்டியவை



நம்மவர் வீடுகளில் கணினி இன்று அன்றாட சாமானாகிவிட்டது. பிள்ளைகளின் பாடம், பேங்க் கணக்கு, விமானச் சீட்டு யாவும் அதன் வழியாகவே நடக்கின்றன. இணையம் பார்த்துக்கொண்டிருக்கையில் திரை திடீரென்று அசையாமல் நின்றுவிடும். உடனே ஒருவர் சுவிட்சை அணைப்பார். மற்றொருவர், "இது பழசு, புதிது வாங்குவோம்" என்பார். இரண்டிற்கும் அவசரம் வேண்டாம். நோய் எங்கே என்று அறிந்த பிறகல்லவா மருந்து?

முதலாவது, நின்றது எது என்று காண வேண்டும். கீபோர்டில் 'கேப்ஸ் லாக்' பொத்தானை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தாலும், மவுஸின் அம்புக்குறி நகர்ந்தாலும், கணினி உயிரோடுதான் இருக்கிறது. நின்றது பெரும்பாலும் பிரௌசர் மட்டுமே. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் பிரௌசரின் பெயரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் போதும். எதுவுமே அசையவில்லையானால் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்து, பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கலாம். அது கடைசி வழியே. அடிக்கடி அப்படிச் செய்தால் எழுதிக்கொண்டிருந்த பைல்கள் கெடக்கூடும்.

இரண்டாவது, அதே டாஸ்க் மேனேஜரில் 'மெமரி', 'டிஸ்க்' என்ற இரண்டையும் நோக்குங்கள். இதை நமது கடையைக் கொண்டே விளக்கலாம். மெமரி என்பது கடை மேசை. டிஸ்க் என்பது பின்னாலுள்ள கிடங்கு. மேசையில் இடமிருக்கும்வரை வியாபாரம் விரைவாக நடக்கும். மேசை நிரம்பிவிட்டால், ஒவ்வொரு சாமானுக்கும் பையன் கிடங்குக்கு ஓடித் திரும்ப வேண்டும். வாடிக்கைக்காரர் காத்து நிற்பார். முப்பது பக்கங்களை ஒருசேரத் திறந்து வைத்தால் நேர்வது இதுவே. வேண்டாத பக்கங்களை மூடுங்கள். விண்டோஸ் 11க்கு 4 ஜிகாபைட் மெமரி என்பது குறைந்தபட்ச அளவு. அந்த மேசை சீக்கிரம் நிரம்பிவிடும். 8 ஆக உயர்த்த முடிந்தால் நலம். டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்தில் நிற்குமானால், சுழலும் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு 'எஸ்எஸ்டி' பொருத்துவது பெரும் மாறுதலைத் தரும். புதுக் கணினி வாங்குவதைவிட இது மிகவும் சிக்கனம்.

மூன்றாவது, பிரௌசரில் சேர்த்துள்ள 'எக்ஸ்டென்ஷன்' என்னும் துணைக் கருவிகள். குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், என் அழுத்தினால் தனி ஜன்னல் திறக்கும். நாமாக அனுமதி கொடுத்தாலன்றி அதில் துணைக் கருவிகள் வேலை செய்யா. அங்கே தடங்கலின்றி ஓடினால் குற்றம் பெரும்பாலும் அக்கருவிகளில்தான். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமற் போகும். வீடியோ பார்க்கும்போது மட்டும் நின்றால், செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியிலுள்ள 'கிராபிக்ஸ் அக்ஸிலரேஷன்' என்பதை நிறுத்திச் சோதியுங்கள்.

நான்காவது, சூடு. நமது நாட்டு வெப்பத்தில் காற்றுத் துவாரங்களில் தூசி அடைந்தால் கணினி தளர்ந்துவிடும். மெத்தையின் மேல் மடிக்கணினியை வைத்தலும் ஆகாது. இணையம் பார்க்காத நேரத்திலும் நின்றுபோனாலோ, டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டாலோ, முதலில் படங்களுக்கும் பத்திரங்களுக்கும் வேறிடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவைத்த பிறகே தவக்குல் என்பது நாம் அறிந்ததே.

ஐந்தாவதே மிக முக்கியமானது. சில வேளை திரை முழுவதும் சிவப்பு எச்சரிக்கை தோன்றி, அபாயச் சங்கு ஒலித்து, "உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வரும். அது பழுதன்று, பழுதுபோல் வேடமிட்ட ஒரு பக்கமே. மைக்ரோசாப்ட்டின் மெய்யான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. அந்த எண்ணுக்கு அழைத்தால், பழுது பார்ப்பதாகச் சொல்லி உங்கள் கணினியைத் தம் கைக்குள் கொண்டுவந்து, பேங்க் கணக்கைத் திறக்கச் செய்வார்கள். ஹஜ்ஜுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடும். எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அகலாவிட்டால் முன் சொன்ன டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை மூடுங்கள். மறுபடி திறக்கையில் 'ரிஸ்டோர்' என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள்.

ஏற்கெனவே அழைத்துவிட்டவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். இணையத்தைத் துண்டித்து, உடனே பேங்குக்குச் சொல்லுங்கள். பின் சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மோசடிக்காரருக்கே இலாபம்.

வீட்டில் தனித்திருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஐந்தாவது பாடத்தையேனும் வாசித்துக் காட்டுங்கள். கணினி நின்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். போன பணத்தை மீட்பது எளிதன்று. அல்லாஹ் நம் அனைவரின் ஹலாலான சம்பாத்தியத்தையும் காப்பானாக.