கடலின் வரவு செலவு

"பெரிய மீன் அகப்படாவிட்டால் சின்ன மீனை அள்ள வேண்டியதுதானே! கடல் குறைந்தா போகும்?" என்று நம் கடைக்குக் கருவாடு வாங்க வந்த அன்பர் ஒருவர் கேட்டார். அன்று நமக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்து அறிந்ததை வியாபாரிகளாகிய நம்மவர்களுக்கு விளங்கும் கணக்கிலேயே எழுதுகிறோம்.

கடலில் முதல் போடுவது சூரியன். அதன் ஒளியில் மிகச் சிறு பங்கைக் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பிடித்து உணவாக்கிக் கொள்கின்றன. பாசியை நுண்பூச்சிகள் தின்னும். பூச்சியை நெத்திலி, நெத்திலியைத் தெங்கிரி, தெங்கிரியை நாம். ஆனால் கைமாறும் இடமெல்லாம் செலவு உண்டு. தின்ற உயிர் நீந்துகிறது, மூச்சு விடுகிறது, இரையைத் துரத்துகிறது. அதில் சக்தி வெப்பமாய்க் கழிந்து விடுகிறது. தின்றதில் ஒரு பங்கு கழிவாகவும் போகிறது. உடம்பில் தங்குவது பத்தில் ஒன்று என்பது பொதுக் கணக்கு. தராசில் நிறுத்ததன்று, இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆக 1 கிலோ தெங்கிரிக்கு 10 கிலோ நெத்திலி, அதற்கு 100 கிலோ பூச்சி, அதற்கு 1,000 கிலோ பாசி! நூறு வெள்ளியில் தொண்ணூறு வழிச்செலவாகும் வியாபாரத்தை நம்மில் யார் நடத்துவோம்? சூரியன் தினமும் புது முதல் போடுவதால் கடல் நடத்துகிறது.

இவ்வகைக் கணக்கை அமெரிக்காவில் மின்னசோட்டாவின் சிற்றேரி ஒன்றை ஆராய்ந்து எழுதியவர் ரேமண்ட் லிண்டமன். 1942-ம் ஆண்டில் அக்கட்டுரை அச்சேறு முன்பே, முப்பது வயதும் நிரம்பாமல், அவர் காலமாகி விட்டார்.

செத்த மீனின் சத்து மீண்டும் பாசிக்கு எருவாகும். செலவான சக்தியோ திரும்பாது.

கரையோரத்தில் வேறொரு வழியும் உண்டு. பேராக்கில் மாத்தாங் பாக்காவ் காடு சுமார் 40,000 ஹெக்டேர். அங்கே உதிரும் இலையை நண்டுகள் கிழிக்க, கிருமிகள் மக்கச் செய்ய, அந்த மக்கலில் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. காட்டை வெட்டினால் அந்த வரவும் நின்று விடும்.

சரி, அன்பரின் கேள்விக்கு வருவோம். நெத்திலியை நாமே உண்பது லாபந்தான்; ஒரு கை குறைகிறது. ஆனால் வகைதொகையின்றி அள்ளினால் தெங்கிரிக்கு இரை ஏது? 'இக்கான் பாஜா' என்று மலிவாய்ப் போகும் குவியலில் பெரிய மீன்களின் குஞ்சுகளும் கிடக்கின்றன. அதைக் கூண்டில் வளரும் சியாக்காப்புக்குப் போடுகிறார்கள். 1 கிலோ சியாக்காப்புக்குப் பல கிலோ பாஜா. இது வரவா, செலவா?

அந்த அன்பர் மறுபடி வரும்போது, ஒரு தட்டில் தெங்கிரியும் மறுதட்டில் அதற்குப் பத்து மடங்கு நெத்திலியும் நிறுத்துக் காட்ட எண்ணியிருக்கிறோம். இரண்டையும் வாங்கிக் கொண்டால் நமக்கு ஆட்சேபமில்லை.